வாலாஜா ரோட்டிலிருந்து வாணியம்பாடி வரை: பழைய சரக்கைத் தொடர்ந்து ஒரு பயணம்

திங்கள், வாலாஜா ரோடு

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்ற இடம் இது. ஊர்ப் பெருமையாகப் பலரும் சொல்லும் தகவல்தான். காயலாங்கடைக்காரர் கணக்கில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. ஒரே தரத்தில், ஒரே அளவில், டன் கணக்கில் பழைய இரும்பு தரக்கூடிய ஒரு முதலாளி இந்த வட்டாரத்துக்கு வந்துவிட்டார். தண்டவாளம் தேயும், மாற்றுவார்கள். ஃபிஷ்பிளேட், போல்ட், ஸ்பிரிங், சக்கரம் எல்லாம் ஒருநாள் கழன்று ஏலத்துக்கு வரும்.

அந்தத் தண்டவாளங்களில் ஒரு பகுதி உலைக்குப் போகாமல் வீடுகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உத்தரத்தின் மேல் செங்கல் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடங்கள் சிலவற்றில், மர உத்தரம் இருக்க வேண்டிய இடத்தில் தண்டவாளம் தாங்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட வீட்டை இடிக்க எடுப்பவர்கள் முதலில் எடையைக் கணக்குப் போட வேண்டும். கஜத்துக்கு 90 பவுண்டு தண்டவாளம் என்றால் மீட்டருக்கு 44.6 கிலோ, 12 அடித் துண்டு 160 கிலோவைத் தாண்டும். மரம் என்று நினைத்து ஒரு முனையை விடுவித்தால் மறுமுனை சுவரோடு வரும். மேல்தளச் செங்கல்லை முழுவதும் வாரி எடுத்த பிறகு, இரண்டு முனையிலும் செயின் பிளாக் மாட்டித்தான் இறக்க வேண்டும். இப்போது தண்டவாளம் மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ என்று கனம் கூடிவிட்டது. அதை யாரும் வீட்டில் வைப்பதில்லை.

தண்டவாளத் துண்டைக் கண்டால் அனுபவமுள்ள கடைக்காரர் கை வைக்க மாட்டார். முதலில் "பேப்பர் இருக்கா அண்ணா?" என்பார். 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி, திருடப்பட்டதாகவோ முறைகேடாகப் பெறப்பட்டதாகவோ சந்தேகிக்கத்தக்க ரயில்வே பொருளை வைத்திருப்பவர், அது தம்மிடம் முறையாக வந்தது என்று காட்ட வேண்டும். ஏலத்தில் எடுத்ததற்கான ரசீது, டெலிவரி ஆர்டர் நகல் இரண்டும் சரக்கோடு கூடவே போக வேண்டும். வீடு இடித்து வந்த தண்டவாளத்துக்கு இடிப்பு ஒப்பந்தமும் புகைப்படமும் வைத்துக்கொள்வது நல்லது.

கொல்லர் பட்டறைகளுக்குத் தண்டவாளத்தைவிட லாரி வில்தகடுதான் பிடித்தமானது. கொடுவாள், அரிவாள், கசாப்புக் கத்தி, தோல் சீவும் கத்தி என்று எல்லாவற்றுக்கும் அதுவே. தகட்டின் நடு போல்ட் துளைக்கு இருபுறமும் சுமார் ஒரு சாண் நீளம் வெட்டி எறிந்துவிட வேண்டும். வண்டி ஓடிய காலமெல்லாம் வளைந்து நிமிர்ந்ததில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அங்கேதான் இருக்கும். அடித்து உருவாக்கிய பின் காந்தம் ஒட்டாத சூடு வரும் வரை, அதாவது 770 டிகிரியைத் தாண்டி இன்னும் கொஞ்சம், காய்ச்சி எண்ணெயில் முக்குவார்கள். இந்த எஃகைத் தண்ணீரில் முக்கினால் விளிம்பு கீறும். முக்கி எடுத்ததும் கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலையில் இருப்பதால், செங்கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, வைக்கோல் நிறம் ஏறும் வரை திரும்ப இளஞ்சூடு காட்ட வேண்டும். நிறம் நீலத்துக்குப் போய்விட்டால் அரிவாள் மழுங்கும். தண்டவாளத்தில் ஒன்றரை அடித் துண்டு பல பட்டறைகளில் பட்டடையாகவே நிற்கிறது.

இந்தப் பயணக் குறிப்புகள் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு பாலாற்றோரமாக மேற்கே போகும். பழசான பொருளுக்கு எந்த இடம் வரை வாங்க ஆள் இருக்கிறது? எந்த இடத்தில் ஆள் இல்லாமல் போகிறது, ஏன்?

செவ்வாய், ராணிப்பேட்டை

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை, 1980களில் பெல் நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலை. இவை வந்த பிறகு ராணிப்பேட்டைச் சரக்கின் முகமே மாறியது. அதுவரை வீட்டுத் தகரம், வண்டிப் பட்டா, கிணற்று இயந்திரம் என்று வந்தது. பிறகு தகடு வெட்டிய மிச்சம் வர ஆரம்பித்தது. பெரிய இரும்புத் தகட்டிலிருந்து வேண்டிய வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டால் ஓட்டையும் கீற்றுமாக ஒரு சட்டம் மிஞ்சும். துரு இல்லை, பெயிண்ட் இல்லை, என்ன எஃகு என்பதும் தெரியும். பழைய இரும்பு வியாபாரத்தில் இதைவிட நல்ல சரக்கு கிடையாது.

உலைக்காரர்கள் ஹெவி என்று எடுப்பது 6 மில்லிமீட்டருக்குக் குறையாத கனம். 3 மில்லிமீட்டர் வரை இரண்டாம் தரம். அதற்கும் கீழே லைட். நீளம் 5 அடி, அகலம் 2 அடிக்குள் வெட்டியிருக்க வேண்டும். உலை வாய்க்குள் குறுக்கே மாட்டிக்கொண்டால், அடியில் உருகிய குழம்பு மேலும் மேலும் சூடேறி உலையின் உள்பூச்சான லைனிங்கை அரிக்கும். மேலே சரக்கு இறங்காமல் பாலம் கட்டி நிற்கும். அதனால்தான் கேஸ் கட்டர் கூலி கொடுத்தாவது அளவுக்கு வெட்டி அனுப்புகிறார்கள்.

லேத் பட்டறைச் சுருள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் மூன்று வில்லங்கம். கட்டிங் ஆயில் ஒட்டியிருப்பதால் எடையில் ஒரு பங்கு எண்ணெய்க்கே போகிறது. குவித்து வைத்தால் உள்ளுக்குள் துருவேறிச் சூடாகித் தானே புகையும். நடுவில் மண் கலந்து ஏமாற்றுவது மிகச் சுலபம். சுருள் வாங்குகிறவர்கள் குவியலின் மேலிருந்து மாதிரி எடுக்கக் கூடாது. நடுவிலும் அடியிலும் அள்ளி, ஒரு வாளித் தண்ணீரில் கலக்கிப் பார்த்தால் அடியில் மண் தெரிந்துவிடும்.

இங்கிருந்து லாரிகள் பெரும்பாலும் சென்னைப் பக்கம் ஓடும். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி ஆக்கும் ஆலைகள் நிறைய. அங்கே இருப்பது இண்டக்ஷன் உலை. ஒரு டன் உருக்க ஏறத்தாழ 600 யூனிட் மின்சாரம். இந்த உலையின் குணத்தைப் புரிந்துகொண்டால்தான் ராணிப்பேட்டையில் எதற்கு இவ்வளவு தரம் பிரிக்கிறார்கள் என்பது விளங்கும். உள்ளே போட்டதை உருக்கும், அவ்வளவுதான். சுத்தம் செய்யாது. குவார்ட்ஸ் கல் பொடியால் ஆன லைனிங் என்பதால் கந்தகத்தையும் பாஸ்பரசையும் வெளியேற்ற வழியில்லை. செம்பும் வெள்ளீயமும் எந்த இரும்பு உலையிலும் வெளியேறாது. செம்பு 0.3 சதவீதத்தைத் தாண்டினாலே உருட்டும்போது கம்பியின் மேல்தோல் வெடிக்கும் அபாயம். ஒரு தடவை உருக்குவதை ஹீட் என்பார்கள், 10 டன் ஹீட்டில் அது வெறும் 30 கிலோ. உரிக்காமல் எறிந்த மோட்டார் ஆர்மேச்சர்கள் கொஞ்சம் சேர்ந்தால் போதும், அந்த ஹீட் முழுவதும் போயிற்று. அப்புறம் செய்யக்கூடியது ஒன்றுதான்: செம்பில்லாத நல்ல இரும்பு கலந்து விகிதத்தைக் குறைப்பது.

உலையில் ஆளைக் கொல்வது தண்ணீரும் மூடிய பாத்திரமும். மழையில் நனைந்த கட்டு, இரண்டு முனையும் மூடிய பைப், ஷாக் அப்சார்பர், சிறிய கேஸ் சிலிண்டர் இவற்றில் ஏதாவது ஒன்று குழம்பில் விழுந்தால் உள்ளிருக்கும் ஈரமோ வாயுவோ ஒரு நொடியில் விரிந்து குழம்பைத் தூக்கி வீசும். அதனால் ஷாக் அப்சார்பரை நடுவில் துளையிட்டு எண்ணெய் வடித்து, பைப்பை நசுக்கும் முன் முனையைத் திறந்துவிட்டு அனுப்புவது சரக்கு ஏற்றிவிடும் யார்டின் வேலை. உலைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விடக் கூடாது.

சிப்காட்டில் ஆள் இல்லாத சரக்கும் இருக்கிறது. தோல் பதனிட வேண்டிய குரோமியம் உப்புகளைத் தயாரித்த குரோமேட் ஆலை ஒன்று 1990களில் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல். குரோமியக் கல்லைச் சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்த்து வறுத்து, கரையும் குரோமேட்டை நீரில் கழுவி எடுத்தபின் மிஞ்சும் சக்கை அது. எவ்வளவு கழுவினாலும் அறுதிற குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு வடிவம், கொஞ்சம் உள்ளே தங்கிவிடும். ஒவ்வொரு மழைக்கும் மஞ்சளாகக் கசியும். இரும்போடு செம்பு கலந்ததற்கு நேர்ந்தது போலத்தான் இங்கேயும்: சுண்ணாம்போடு கட்டிக்கொண்ட குரோமியத்தைப் பிரிக்க ஆகும் செலவு, அதன் விலையைவிட அதிகம்.

புதன், மேல்விஷாரம்

ஆற்காட்டைத் தாண்டியதும் வாசனையே ஊரைச் சொல்லிவிடும். இங்கே தோல் ஷாப் என்றால் பதனிடும் ஆலை. செருப்புக் கடை அல்ல.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்தில் ஷாப்பில் மிச்சம் என்று கிடந்ததெல்லாம் யாருக்காவது தேவைப்பட்டது. சாறு இறங்கிய பட்டைச் சக்கை அடுப்புக்கும் எருவுக்கும் போயிற்று. ஆட்டு மயிர் கம்பளிக்கு, தோலின் உட்பக்கம் சீவிய ஜவ்வு வஜ்ஜிரப் பசை காய்ச்ச, கொம்பும் எலும்பும் எலும்பு மில்லுக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடலைச் சோதித்து அறிமுகப்படுத்தினார். ஆனாலும் வட ஆற்காடு நெடுங்காலம் பட்டைத் தோலிலேயே நின்றது. 1973இல் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையே அனுப்பச் சொன்னது அரசு. மாதக் கணக்கில் குழியில் ஊற வேண்டிய வேலை குரோமில் நாள் கணக்கில் முடிந்தது. வேலையும் விலையும் கூடின. மிச்சத்துக்கு ஆள் குறையத் தொடங்கியதும் அதே இடத்தில்தான்.

ஒரு டன் பச்சைத்தோல் ஷாப்புக்குள் போனால் வெளியே வரும் முடித்த தோல் 200 முதல் 250 கிலோ. மீதி எல்லாம் ஜவ்வு, ஓரம், சீவல், தூள், கழிவுநீர். குரோம் டிரம்மில் போடும் உப்பில் 60 முதல் 70 சதவீதத்தைத்தான் தோல் பிடிக்கும். மற்றது பச்சை நிறத் தண்ணீராக வெளியேறும். வெளியே விடும் நீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம்தான் இருக்கலாம். டிரம் தண்ணீரில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும்.

இந்தப் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் குரோம் உப்பாக்கும் முறையைச் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பரப்பியது. வேலை பார்க்க எளிது. டிரம்மிலிருந்து வரும் நீரைத் தனி வாய்க்காலில், தனித் தொட்டியில் சேர்க்க வேண்டும். சல்லடையில் மயிர், நாரை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்து எடுத்துவிட்டு, மெக்னீசியம் ஆக்சைடு தூவிக் கலக்க வேண்டும். பி.எச். 8 வந்ததும் நிறுத்தி இரவு முழுக்க விட்டால், காலையில் பச்சைச் சேறு அடியிலும் தெளிந்த நீர் மேலேயும் நிற்கும். நீரை வடித்துவிட்டு, சேற்றில் கந்தக அமிலத்தை மெதுவாக ஊற்றி, பி.எச். 2.5 முதல் 2.8 வரை இறக்கினால் மறுபடி குரோம் கரைசல். புதிய உப்போடு சேர்த்து டிரம்முக்கே போகலாம்.

மெக்னீசியம் ஆக்சைடு விலை கூடுதல் என்று சுண்ணாம்பு போட்டால் என்ன ஆகும்? அமிலம் ஊற்றும்போது ஜிப்சம் உண்டாகி, தொட்டி முழுக்க வெள்ளைச் சேறு. காஸ்டிக் சோடா போட்டால் வீழ்படிவு பஞ்சு மாதிரி மிதக்கும். ஒரு இரவில் அடங்காது. ஆகப்பெரிய தவறு வேறு: சாயத் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீரும் அதே வாய்க்காலில் இறங்குவது. சாயம் கலந்த குரோமில் பதனிட்ட தோலில் வெளிர் நிறம் எடுக்காது. திட்டுத் திட்டாக வரும். கொழுப்பு தப்பி வந்தால் தோல் மேல் பிசுக்குப் புள்ளி. "ஒரு வாய்க்கால் கூட வெட்டறதுக்கு யோசிச்சா இதுல இறங்காதீங்க பாய்" என்று ஒரு மேஸ்திரி பக்கத்து ஷாப்காரரிடம் சொன்னது, இந்தத் தொழில்நுட்பம் குறித்த ஆகச் சுருக்கமான கையேடு.

எல்லாம் கலந்த கழிவு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே படியும் சேற்றை எருவாகப் போட முடியாது, எரிக்கவும் முடியாது. சேர்த்து வைப்பதுதான் வழி. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படிச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது பாய்ந்ததில் 10 பேர் இறந்தார்கள்.

வியாழன், வேலூர்

இரும்பு வட்டாரத்தையும் தோல் வட்டாரத்தையும் விட்டு ஊருக்குள் வந்தால், தட்டுவண்டியிலும் மூணு சக்கர வண்டியிலும் வரும் வீட்டுச் சரக்கு. கடைகளில் பேரம் சுறுசுறுப்பாக நடப்பது சாயங்காலம், தெருத்தெருவாய்ப் போன வண்டிகள் திரும்பும் நேரம். பிரிக்கும் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் போக வேண்டும்.

பிரிப்பவரின் கருவிகள் மூன்று: கயிற்றில் கட்டிய காந்தம், அரம், சுத்தி. அலுவலகம் வைத்த பெரிய கடை என்றால் நாலாவதாக ஒரு கிரைண்டர். காந்தம் ஒட்டினால் இரும்பு என்பது பாதி உண்மை. எவர்சில்வரில் ஒரு ரகம் ஒட்டும், இன்னொன்று ஒட்டாது. ஒட்டாத ரகத்திலும் நிக்கல் 8 சதவீதம் உள்ள 304 வகையும், நிக்கல் குறைத்து மாங்கனீசு ஏற்றிய 200 வரிசைப் பாத்திரமும் கண்ணுக்கு ஒன்றே. விலை ஒன்றல்ல. கிரைண்டர் பொறி இரும்புக்கு நல்ல சாட்சி. சாதா இரும்பு நீண்ட மஞ்சள் கீற்று விடும். கார்பன் கூடிய எஃகு பூத்திரி மாதிரி வெடித்துப் பூக்கும். வார்ப்பிரும்பு சிவந்து குறுகி அடங்கும்.

பித்தளைக் குவியலில் பூச்சுப் பூசிய நாகக் (துத்தநாகக்) குழாய்கள் ஒளிந்திருக்கும். அரத்தால் ஒரு இழுப்பு. மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் தெரிந்தால் வேறு சரக்கு. அலுமினியத்தில் குறைந்தது நான்கு கூறு போட வேண்டும்: மின்கம்பி, பாத்திரம், ஜன்னல் சட்டம், வார்ப்பு. மின்கம்பி ஏறத்தாழச் சுத்த அலுமினியம். பிஸ்டன், இன்ஜின் வார்ப்பில் சிலிக்கன் நிறைய. இரண்டையும் சேர்த்து உருக்கினால் கம்பிக்கும் ஆகாது, வார்ப்புக்கும் ஆகாது. பழைய கார்பரேட்டர் பார்வைக்கு அலுமினியம் போலிருக்கும், கையில் தூக்கினால் கனக்கும். அது பெரும்பாலும் நாக வார்ப்பு. நாகத்தின் அடர்த்தி 7.1, அலுமினியத்துக்கு 2.7, கைக்கே தெரிந்துவிடும்.

செம்புக் கம்பியை எரித்து எடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. சட்டம், சுகாதாரம் இரண்டையும் தள்ளி வைத்து வெறும் காசுக் கணக்கு பார்த்தாலும் அது நஷ்டம். பி.வி.சி. எரிந்தால் வரும் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை செம்பின் மேல்தோலை அரிக்கும், கம்பி கறுக்கும், மெல்லிய இழைகள் ஆக்சைடாகி உதிரும். உரித்த பளபளப்புக் கம்பிக்குக் கிடைக்கும் விலை எரித்த கம்பிக்கு ஒருநாளும் கிடைக்காது. கையால் சுற்றும் உரிப்பு இயந்திரம் ஒன்று போட்டால் போதும். உரிக்கும் முன் முனையை வெட்டிப் பார்க்கவும்: வெளியே செம்பு, உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். மலிவான கேபிள்களில் இது நிறைய வருகிறது.

கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். காரீயம் 327 டிகிரியிலேயே உருகுவதால் அடுப்பு மூட்டி யாரும் உருக்கிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு. தட்டின் கம்பிச் சட்டம் அப்படி உருகும். தட்டில் அப்பியிருக்கும் களிம்பு உருகாது. அது காரீய சல்பேட்டும் ஆக்சைடும். அதைக் காரீயமாக்கக் கரியும் இரும்புத் தூளும் சோடா உப்பும் சேர்த்து, ஆயிரம் டிகிரியை ஒட்டிச் சுழலும் உலையில் சுட வேண்டும், புகையைப் பையில் பிடிக்க வேண்டும். கொல்லைப்புற அடுப்பில் பாதிக் காரீயம் சாம்பலோடு போய்விடும், மீதியில் கொஞ்சம் மூச்சோடு போகும். அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வெறும் தட்டைக் கொண்டு வருவதும் அதே ரகம். 2001இலிருந்தே பேட்டரிக்குத் தனி விதி இருக்கிறது. 2022இல் புதிய விதிகள் வந்தன. முழு பேட்டரியாக, நிமிர்த்தி வைத்து, பதிவு பெற்ற ஆலைக்குத்தான் போக வேண்டும்.

ஆஸ்பத்திரி ஊர் என்பதால் ஒரு காலத்தில் வேலூருக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் ஒரு சரக்கு. சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் ஜெலட்டின் படலம் கழன்று கறுப்புச் சேறாக இறங்கும். காயவைத்து வெங்காரம் சேர்த்து மூசையில் உருக்கினால் வெள்ளி. மிஞ்சும் பாலியெஸ்டர் தாளும் விற்கும். டிஜிட்டல் எக்ஸ்ரே வந்ததும் அந்த வரவு சுருங்கிவிட்டது.

வியாபாரக் கணக்கில் சமீபத்திய மாற்றம் 2024 அக்டோபர் 10 முதல் வந்தது. பதிவு இல்லாதவரிடம் உலோகச் சரக்கு வாங்கும் பதிவு பெற்ற வியாபாரி, அந்த ஜி.எஸ்.டி.யைத் தானே கட்ட வேண்டும். தட்டுவண்டிக்காரரின் அன்றாடம் மாறவில்லை. அவரிடம் வாங்கும் கடைக்காரரின் நோட்டு தடித்துவிட்டது.

வெள்ளி, ஆம்பூர்

ஜும்மா நேரத்தில் இங்கே யாரையும் பார்க்க முடியாது. காலையிலேயே வேலையை முடித்துக்கொள்வது உத்தமம். மதியம் பிரியாணி இருக்கவே இருக்கிறது.

ஆம்பூர் என்றால் ஷூ. தோல் ஒரே கனத்தில், ஒரே தரத்தில் மாடு மேல் வளர்வதில்லை. வயிற்றுப் பகுதி தளர்ச்சி, கழுத்தில் மடிப்பு, உண்ணிக்கடி, முள் கீறல். இதையெல்லாம் ஒதுக்கி வெட்டும்போது நாலில் ஒரு பங்கு வரை துண்டாகப் போவது சாதாரணம். அந்தத் துண்டு கிலோக் கணக்கில் சாக்கில் வெளியே வருகிறது. சாக்கைக் கொட்டி முதலில் அளவு பார்த்துப் பிரிக்கிறார்கள், பிறகு நிறம், பிறகு கனம். உள்ளங்கையைவிடப் பெரியது வெல்டிங் கையுறைக்கும் பர்சுக்கும். இரண்டு விரல் அகலம் சாவிக்கொத்துக்கு, வாருக்கு. அதற்கும் கீழே நூலும் நரம்புமாக மிஞ்சுவதற்கு ஆள் குறைவு. பழைய துண்டை ஏற்றுமதிச் சரக்கில் சேர்க்கிறவர்கள் பரிசோதனை செய்யாமல் சேர்க்கக் கூடாது. ஐரோப்பாவில் 2015 மே முதல் தோல் பொருளில் அறுதிற குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வெயிலிலும் சூட்டிலும் நாளாகக் கிடந்த தோலில் அது தானாக உருவாகலாம்.

தோலைச் சம கனமாக்க இயந்திரத்தில் சீவும்போது வரும் குரோம் சீவலுக்கு ஒரு நல்ல வழி உண்டு: லெதர் போர்டு. ஷூவின் உள் அடித்தட்டு, குதிகால் விறைப்பு, பெல்ட்டின் உள்பக்கம் இதெல்லாம் பெரும்பாலும் அதுதான். சீவலை முதலில் நன்றாகக் கழுவி அமிலத்தையும் உப்பையும் போக்க வேண்டும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு பீட்டர் என்ற அரைவை இயந்திரத்தில் நார் நாராக அரைக்க வேண்டும். வாட்டில் மரப்பட்டைச் சாறும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்து, ரப்பர் பால் ஊற்றிக் கலக்கி, படிகாரக் கரைசல் விட்டால் ரப்பர் நார்மேல் திரிந்து ஒட்டும். சல்லடைத் தட்டில் ஊற்றி நீர் வடித்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பிழிந்து, உலர்த்தி, உருளையில் விட்டுச் சமன் செய்தால் தகடு தயார்.

கழுவுவதில் சோம்பல் பட்டால் படிகாரம் விடும் முன்பே ரப்பர் பால் கட்டி கட்டியாகத் திரிந்துவிடும். தகட்டில் ஒரு இடம் ரப்பர், ஒரு இடம் வெறும் நார், மடித்தால் உடையும். உலர்த்தும்போது வெயில் கடுமையாக இருந்தால் ஓரம் சுருண்டுகொள்ளும். சீவும் இயந்திரத்தின் கத்தித் துணுக்கு சீவலோடு வந்து பீட்டர் பல்லை உடைப்பதும் உண்டு. சீவல் இறங்கும் இடத்தில் காந்தம் வைப்பது பத்து நிமிட வேலை.

ஷூ அடித்தட்டுகளில் டி.பி.ஆர். என்ற உருகும் ரப்பர் என்றால் அரைத்துத் திரும்ப உருக்கலாம். ஈ.வி.ஏ. நுரைத்தட்டு ஒரு முறை வெந்து குறுக்குப் பிணைப்பு ஏறியது, உருகாது. பொடியாக்கி நிரப்பியாகச் சேர்க்கலாம், அவ்வளவே. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டுகிற கட்டிங் ஹால் இன்றும் இருக்கிறது. அந்தச் சாக்கை எடுக்க ஆள் கிடைக்காது. குரோம் துண்டையும் சாக்கோடு அடுப்புக்கும் சூளைக்கும் விற்பது அதைவிட மோசம். எரியும்போது சாதுவான மூதிறக் குரோமியத்தில் ஒரு பகுதி நச்சான அறுதிறமாகிச் சாம்பலில் தங்குகிறது.

சனி, வாணியம்பாடி

ஜவ்வுக்கு வருவோம். தோலின் உட்பக்கச் சதையை இயந்திரத்தில் சீவினால் வருவது. குரோம் டிரம்முக்கு முந்தைய வேலை என்பதால் இதில் குரோமியம் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் ஆள் இருக்கிறது. வஜ்ஜிரம் காய்ச்ச, சுண்ணாம்பில் ஊறிய ஜவ்வை நாள் கணக்கில் கழுவி, இளம் அமிலத்தில் சுண்ணாம்பை முறித்து, கொப்பரையில் 60 முதல் 80 டிகிரிக்குள் வேகவைக்க வேண்டும். முதல் சாறு திடமானது, விலை கூடியது. அடுத்தடுத்த சாறு இறங்குமுகம். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் புரதம் அறுந்து பிசின் பலமிழக்கும். நாற்காலிக் கால் ஒரு மாதத்தில் ஆடும். சுண்டிய சாற்றைத் தட்டில் உறையவைத்து, துண்டு போட்டு, வலையில் காயப்போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாமல் பூசணம் பிடித்து நாறும். அந்த மாதங்களில் கொப்பரையை மூடி வைப்பவர்களே விவரமானவர்கள். மரவேலைக்கு வெள்ளைப் பசை வந்த பிறகு தேவை குறைந்துவிட்டது. ஜவ்வைச் சாணி எரிவாயு போல மூடிய தொட்டியில் புளிக்கவைத்து வாயு எடுப்பதும் நடக்கிறது. கொழுப்பு அதிகமாகிவிட்டால் தொட்டி புளித்து வாயு நின்றுவிடும் என்பதால் அளந்து போட வேண்டும்.

உப்புக்குத்தான் இங்கே வழியே தெரியவில்லை. பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் 40 சதவீதம் வரை உப்பு போடுகிறார்கள். ஷாப்புக்கு வந்ததும் உதறி எடுத்தால் ஒரு பகுதி கைக்கு வரும். ஆனால் ரத்தமும் மயிரும் கிருமியும் சேர்ந்த உப்பு. அப்படியே மறுபடி போட்டால் தோலில் சிவப்புத் திட்டு. மீதி உப்பு ஊறல் தண்ணீரில் கரைந்து போகிறது. பாலாற்றுப் படுகையின் கிணறுகள் கரித்ததற்கு இதுவும் முக்கியக் காரணம்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய வழக்கு அது. இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையமும் அதன்படி வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. பிறகு துளி நீரும் வெளியேறக் கூடாது என்ற நிலைக்கு வந்தன. கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவலில் பிழிந்து, மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கினால் நீர் திரும்பக் கிடைக்கும். கீழே தங்குவது கலப்பு உப்பு: சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும், கூடவே சாயமும் கரிமப் பிசுக்கும். தனியாக இருந்தால் முன்னது குரோமுக்கு முன் தோலைப் போடும் அமிலக் குளியலுக்கே உதவும். பின்னதை டிடர்ஜெண்ட், கண்ணாடித் தொழில்கள் வாங்கும். கலந்திருப்பதால் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறார்கள். காற்றின் ஈரத்தை இழுத்து மூட்டை கசியும், இரும்புத் தூணை அரிக்கும், பிளாஸ்டிக் பை ஒரு வெயிலுக்கு மேல் தாங்காது.

காய்ச்சும் முன்பே நானோ வடிகட்டியில் சல்பேட்டை ஒரு பக்கம் ஒதுக்கி, குளோரைடு மிகுந்த நீரை அமிலக் குளியலுக்கு அனுப்புவது இப்போதைக்குத் தெரிந்த வழி. அதற்கும் நிபந்தனை உண்டு: வடிகட்டிக்கு முன் சுண்ணாம்புக் கடினத்தையும் கரிமப் பிசுக்கையும் நன்றாக நீக்கியிருக்க வேண்டும். நீக்காவிட்டால் சவ்வு சீக்கிரமே அடைத்துக்கொண்டு, அமிலம் விட்டுக் கழுவியும் பழைய ஓட்டத்துக்கு வராது. ஊறல் தண்ணீரை மட்டும் ஷாப்பிலேயே தனி வாய்க்காலில் பிரித்து வெயில் தொட்டியில் ஆவியாக்குகிற இடங்களில், நிலையத்துக்குப் போகும் உப்புச் சுமை ஆரம்பத்திலேயே பெருமளவு குறைந்துவிடுகிறது.